உருளை ஆறும் வரை

அத்தியாயம் 17

காலை ஆறரை மணிக்குச் சாப்பாட்டு மேஜையில் இருந்தவர்கள்: அம்மா, மாமா, பெரியவள், சின்னவள். அப்பா பாதி வரை இருந்தார்.

பாதியில் எழுந்து போவது அப்பாவுக்குப் புதிதல்ல. முப்பத்தைந்து வருடக் குடித்தனத்தில் அம்மாவிடம் ஒரு வாக்குவாதத்திலும் ஜெயிக்காத மனிதர். தோற்கப்போகிறோம் என்று தெரிந்ததுமே நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு பால்கனிக்குப் போய்விடுவார். தட்டை மட்டும் மறக்காமல் கையோடு எடுத்துக்கொள்வார். இன்றைய சண்டை குளியலறைக் குழாயைப் பற்றியது. தானே சரி செய்கிறேன் என்று அவர் சொல்லி இன்றோடு நாற்பது நாள் ஆகிறதாம். அம்மா நாளை எண்ணி வைத்திருந்தாள்.

"போய்ட்டாரு" என்றாள் அம்மா. "இப்ப பாரு, முட்டையில உப்பில்லேன்னு குரல் வரும்."

"உப்பு!" என்று பால்கனியிலிருந்து குரல் வந்தது.

சின்னவள் உப்பு டப்பாவைக் கொடுத்துவிட்டு வந்து மறுபடி விடைத்தாள் கட்டின் முன்னால் உட்கார்ந்தாள். அவள் ஒரு டியூஷன் சென்டரில், வேலைக்குப் போகிறவர்களுக்கு ஆங்கிலம் சொல்லித்தருகிறாள். சாப்பிடும்போதும் திருத்துவாள். சில தாள்களில் ஜாம் கறை இருக்கும்.

"வாக் அவுட்னு ஒரு வார்த்தையைக் கொடுத்து வாக்கியம் எழுதச் சொன்னேன். ஒருத்தர் எழுதியிருக்காரு, 'டாக்டர் சொன்னதால் நான் தினமும் பூங்காவில் வாக் அவுட் செய்கிறேன்'னு."

"அதுல என்ன தப்பு? நடக்கத்தானே செய்றாரு பாவம்" என்றாள் அம்மா.

"பிடிக்காம நடந்தாத்தாம்மா வாக் அவுட். கூட்டத்துல ஒருத்தர் பேசறது ஆகலேன்னு எழுந்து போறது. படம் தாங்கலேன்னு பாதியில வர்றது. வேலை செய்ற இடத்துல எல்லாரும் பேசி வெச்சுக்கிட்டு ஒண்ணா வெளிய போறது. கத்திட்டு, கதவை டமார்னு சாத்திட்டுப் போனா அது வேற. அதுக்கு ஸ்டார்ம் அவுட்."

"அப்ப அப்பா பண்றது எதுல சேரும்?" என்று கேட்டாள் பெரியவள்.

"தட்டோட போறதுக்கு இங்கிலீஷ்ல இன்னும் வார்த்தை கண்டுபிடிக்கல."

எல்லாரும் சிரித்தார்கள். மாமாவும் சிரித்தார். சிரித்து முடித்து, ரொட்டித் துண்டின் ஓரத்தைக் கிள்ளிக்கொண்டே கேட்டார்: "கட்டினவனை விட்டுட்டுப் போறதுக்கும் அதே வார்த்தைதான், இல்ல?"

"ஆமா மாமா. ஆனா பின்னால ஒரு 'ஆன்' சேக்கணும்" என்றாள் சின்னவள். சொன்ன பிறகுதான் யாரிடம் சொன்னோம் என்று உறைத்தது. தலையைத் தாளுக்குள் கவிழ்த்துக்கொண்டாள்.

மாமா அம்மாவின் தம்பி. ஒன்பது வருடங்களுக்கு முன் ஒரு மழை நாளில் அவர் மனைவி குடையை எடுத்துக்கொண்டு வீட்டை விட்டுப் போனாள். சண்டை இல்லை. சத்தம் இல்லை. கடைக்குப் போகிறாள் என்றுதான் மாமா நினைத்தார். மூன்றாம் நாள் அக்காவுக்கு போன் செய்தார். அந்த வாரமே இரண்டு பெட்டியோடு இங்கே மாடியறைக்கு வந்துவிட்டார். அன்றிலிருந்து அத்தையைப் பற்றி இந்த வீட்டில் யாரும் பேசுவதில்லை. பேசாததாலேயே எல்லாருக்கும் அவள் ஞாபகம்.

வீட்டில் பேசக்கூடாத விஷயம் இன்னொன்றும் உண்டு. அது அம்மா போட்ட சட்டம்: சலவைக்கூடத்துப் பேச்சு சாப்பாட்டு மேஜைக்கு வரக்கூடாது. காரணம் எளிது. மாமா அந்தச் சலவைக்கூடத்தின் மேனேஜர். பெரியவள் அதே கூடத்தில் உருளை மெஷின் ஓட்டுகிறவள். இரண்டு பேரும் ஒரே மேஜையில் சாப்பிட வேண்டும், இரண்டு பேருக்கும் பரிமாறுகிறவள் அம்மா.

தொடர்ந்து வருகிறவர்களுக்குக் கடந்த மூன்று வாரக் கதை தெரியும். இன்றுதான் வந்து உட்கார்ந்தவர்களுக்காக நாலு வரி. உருளை மெஷின் என்பது ஒரு லாரி அகலத்துக்கு இருக்கும் இஸ்திரிப்பெட்டி. ஈரப் படுக்கை விரிப்பை முன்னால் இரண்டு பேர் உள்ளே விட, பின்னால் இரண்டு பேர் ஆளுக்கொரு மூலையாகப் பிடித்து இழுத்து மடிக்க வேண்டும். நாலு பேர் வேலை. முதலாளி வெளியூரிலிருந்து போனில் சொன்னாரென்று, மூன்று வாரங்களுக்கு முன் மாமா பின்பக்கத்திலிருந்து ஒரு ஆளைக் குறைத்தார். போன வெள்ளிக்கிழமை, பின்னால் ஒண்டியாக நின்ற நெட்டையக்காவின் முழங்கை சூட்டுத் தகட்டில் பட்டுத் தோல் உரிந்தது. மாமாவே மருந்து போட்டார், மாமாவே ஸ்கூட்டரில் டாக்டரிடம் கூட்டிப்போனார். திரும்பி வந்து, விபத்துப் பதிவேட்டில் காரணம் என்ற கட்டத்தில் அவரே எழுதினார்: கவனக்குறைவு.

தோல் உரிந்ததுகூட ஆறிவிடும். அந்த ஒரு சொல் கூடத்தில் வேலை செய்யும் எட்டுப் பேருக்கும் ஆறவில்லை.

நேற்று மத்தியானம் எட்டுப் பேரும் கையெழுத்துப் போட்டு இரண்டு பக்கக் கடிதம் கொடுத்துவிட்டார்கள். பதிவேட்டில் எழுதியதை அடிக்க வேண்டும், நாலாவது ஆள் திரும்ப வர வேண்டும். இன்று காலை பதினொரு மணி வரை கெடு. இல்லையென்றால் வெளிநடப்பு. கடிதத்தை எழுதியது பெரியவள். முதல் கையெழுத்தும் அவளுடையது.

"கிளம்பலாமா?" என்றார் மாமா, சாவியைக் கையில் சுழற்றிக்கொண்டு.

"கிளம்பலாம்" என்றாள் பெரியவள்.

அம்மா இரண்டு டிபன் டப்பாக்களைக் கொண்டுவந்து வைத்தாள். ஒன்றின் மூடி நீலம், இன்னொன்று சிவப்பு. உள்ளே இருப்பது ஒன்றேதான்.

"ரெண்டு பேரும் சாப்பிட்டுடுங்க" என்றாள். "என்ன ஆனாலும்."

சட்டத்தை மீறாமல் அவளால் அவ்வளவுதான் சொல்ல முடிந்தது.

*

மாமாவின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து வேலைக்குப் போவது பெரியவளுக்குப் பதினைந்து வருடப் பழக்கம். தனி வீட்டில் இருந்தபோதும் அவர் வழியில் வந்து அவளை ஏற்றிக்கொள்வார். பத்தொன்பது வயதில் முதல் நாள் கூட்டிப்போய், "இது எங்கக்கா பொண்ணு, பாப்பாவைப் பாத்துக்கங்க" என்று சொன்னவர் மாமா. இப்போது அவளுக்கு முப்பத்து நாலு. கூடத்தில் இன்னும் பாப்பாதான்.

யாரை எதிர்த்து வெளியே போகப் போகிறாளோ அவர் முதுகைப் பிடித்துக்கொண்டே போகிறாள். அவர் சட்டை எப்போதும்போல் கஞ்சி போட்டு அட்டை மாதிரி விறைத்திருந்தது. கூடத்தில் அவருக்குப் பட்டப்பெயரே கஞ்சிதான். அது அவருக்கும் தெரியும்.

சிக்னலில் ஸ்கூட்டர் நின்றது.

"ராத்திரி தூங்கினியா?" என்றார் மாமா, முன்னால் பார்த்தபடி.

"ம். நீங்க?"

"நல்லாத் தூங்கினேன்."

இரண்டு பேரும் பொய் சொன்னார்கள். மாடியறையில் அவர் நடக்கிற சத்தத்தை அவள் படுக்கையிலிருந்து எண்ணிக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு பக்கம் எழுதியிருக்கீங்க" என்றார் மாமா. "ஒரு எழுத்துப் பிழை இல்ல. சின்னவ பாத்தாளா?"

"நானேதான் எழுதினேன்."

"நல்லா எழுதியிருக்கே."

பச்சை விழுந்தது. அவர் முறுக்கிய வேகத்தில் அவள் ஒரு நொடி பின்னால் சாய்ந்து, சட்டென்று அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள். திட்டியிருந்தால் சுலபமாக இருந்திருக்கும். இந்த மனுஷன் பாராட்டித் தொலைக்கிறாரே என்று அவளுக்கு எரிச்சல் வந்தது.

பயம் அதற்கும் கீழே இருந்தது. முதலாளி வேலையை விட்டுத் தூக்குவாரோ என்ற பயம் இல்லை. உருளை ஓட்டத் தெரிந்தவளுக்கு ஊரில் வேறு கூடங்கள் இருக்கின்றன. பதினொரு மணிக்கு அவள் அந்தக் கதவைத் தாண்டினால் மாமா இன்னொரு முறை தனியாக விடப்பட்ட மனிதராக நிற்பார். அதற்குப் பிறகு இந்த ஸ்கூட்டரில் அவள் ஏற முடியுமா? அந்த மேஜையில் அவருக்கு எதிரே உட்கார முடியுமா? வேறு மாமா அவளுக்கு இல்லை.

*

"முதல்ல ஆஸ்பத்திரி உருப்படி" என்றாள் பெரியவள், உள்ளே போனதும். "அது முடியாம யாரும் கதவுப் பக்கம் போகக்கூடாது."

யாரும் மறுப்புச் சொல்லவில்லை. படுத்திருக்கிற நோயாளி என்ன செய்தான்? பதிவேட்டில் கவனக்குறைவு என்று அவனா எழுதினான்? நூற்று இருபது விரிப்பு, அறுபது தலையணை உறை. எட்டுப் பேரும் வாயைத் திறக்காமல் வேலை செய்தார்கள். ரேடியோகூட. ஓயாமல் பேசுவதால் அந்தப் பெயர் பெற்ற அவள் வாயை மூடியிருந்ததே கூடத்தில் பெரிய செய்தியாக இருந்தது. நெட்டையக்கா கட்டுப் போட்ட கையோடு வந்து, ஒற்றைக் கையால் உறைகளை எண்ணி அடுக்கினாள்.

பத்து ஐம்பதுக்கு ஆஸ்பத்திரி வண்டி கிளம்பியது. மிச்சமிருந்தது ஓட்டல் உருப்படி. ஒரு மணிக்கு ஓட்டல் வேன் வரும்.

மணி பதினொன்று. அலுவலக அறைக் கதவு திறக்கவில்லை.

ரேடியோ இடுப்பில் கட்டியிருந்த கவசத்துணியைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். ஒவ்வொருவராக மாட்டினார்கள். வாஷிங் மெஷின்கள் தண்ணீரை வடித்துவிட்டு நின்றன. வரிசையாக, யாரும் யாரையும் இடிக்காமல், பெரிய இரும்புக் கதவைத் தாண்டி முற்றத்து வெயிலுக்குப் போனார்கள். பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

பெரியவள் போகவில்லை. போக முடியவில்லை.

இரண்டு பக்கக் கடிதத்தில், எழுத்துப் பிழையே இல்லாத கடிதத்தில், எட்டுப் பேரும் ஒன்றை மறந்துவிட்டார்கள். சூடான உருளையை அப்படியே நிறுத்திவிட்டுப் போக முடியாது. நூற்று எழுபது டிகிரியில் உருளை நின்றால் அதன் மேல் சுற்றியிருக்கும் மெத்தைத் துணி ஒரே இடத்தில் கருகிப்போகும். சூட்டை அணைத்துவிட்டு, உருளையைச் சுற்றவிட்டே ஆற வைக்க வேண்டும். எண்பதுக்குக் கீழே முள் இறங்கிய பிறகுதான் நிறுத்தலாம். அரை மணி நேரம் ஆகும். அது வரை மெஷின் ஓட்டுகிறவள் பக்கத்தை விட்டு நகரக்கூடாது. தினமும் சாயங்காலம் செய்கிற வேலை. தினமும் செய்வதாலேயே யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

ரேடியோ கதவுக்குள் தலையை நீட்டினாள். "என்ன பாப்பா, வரலியா?"

"உருளை சூடா இருக்குக்கா."

ரேடியோ அதை ஒரு நொடி யோசித்தாள். "அட கடவுளே" என்றாள். பிறகு வெளியே திரும்பி, "ஏய், தலைவி உள்ளயே மாட்டிக்கிட்டா!" என்று சத்தம் போட்டாள். முற்றத்தில் சிரிப்பு வெடித்தது.

"உருளைக்கு மெழுகுத் துணி விடறப்ப பின்னால பிடிக்க நான் மட்டும் வந்துட்டுப் போகட்டுமா?" என்று நெட்டையக்காவின் குரல் கேட்டது.

"வெளிநடப்பு பண்ணினவ மறுபடி உள்ள நடந்தா அதுக்கு என்னடி பேரு? சும்மா நில்லு வெயில்ல" என்றாள் ரேடியோ.

*

முள் நூற்று அறுபதில் இருந்தபோது அலுவலக அறைக் கதவு திறந்தது.

மாமா காலிக் கூடத்தைப் பார்த்தார். ஆணியில் வரிசையாகத் தொங்கிய ஏழு கவசத்துணிகளைப் பார்த்தார். உருளை பக்கத்தில் நின்ற பெரியவளைப் பார்த்தார். அவர் முகத்தில் வந்த மாறுதலைப் பார்க்க அவளுக்குப் பிடிக்கவில்லை.

"எனக்குத் தெரியும்" என்றார், கிட்டே வந்து. "கையெழுத்துப் போட்டாலும் நீ போகமாட்டேன்னு எனக்குத் தெரியும்டீ."

இதுதான் அவள் பயந்த இடம். ஒன்றும் சொல்லாமல் நின்றால் போதும், அரை மணி நேரத்துக்கு மாமா சந்தோஷமாக இருப்பார். பெரியவள் முள்ளைப் பார்த்தாள்.

"மாமா, நான் உங்களுக்காக நிக்கல. உருளை ஆறணும், அதுக்காக நிக்கறேன். எண்பது வந்ததும் நிறுத்திட்டு வெளிய போய்டுவேன்."

மாமா விறைத்த சட்டைக் காலரை விரலால் தளர்த்திக்கொண்டார்.

"ஓ" என்றார்.

உருளை சுற்றிக்கொண்டிருந்தது. நூற்று ஐம்பத்தைந்து.

"உங்கத்தையும் இப்படித்தான். ஒரு சத்தம் போடல. நான் பேப்பர் படிச்சிட்டிருந்தேன். நிமிந்து பாத்திருந்தாக்கூட..."

"அத்தை எதுக்குப் போறேன்னு உங்ககிட்ட சொல்லல. நாங்க சொல்லிட்டுத்தானே மாமா போறோம்? ரெண்டு பக்கம் எழுதிக் கொடுத்திருக்கோம். நீங்க ஒரு வரி பதில் எழுதல."

"என்ன எழுதறது? ஆளைக் குறைச்சது முதலாளி."

"கவனக்குறைவுன்னு எழுதினதும் முதலாளியா?"

பேச்சை மாற்ற வேண்டும்போல், அவர் மெஷினின் பின்பக்கம் எட்டிப் பார்த்தார். "மெழுகுத் துணி விட்டாச்சா?"

"இல்ல. பின்னால பிடிக்க ஆள் இல்ல."

ஆறும்போது, சூடு முழுசாக இறங்குவதற்குள், மெழுகு தடவிய துணியை மூன்று தடவை உருளைக்குள் விட்டு எடுக்க வேண்டும். விடாவிட்டால் நாளைக்கு விரிப்பெல்லாம் தகட்டில் ஒட்டும். முன்னால் ஒரு ஆள் விடலாம், உருளையே இழுத்துக்கொள்ளும். பின்னால் வரும்போது இரண்டு மூலையும் பிடிபட வேண்டும். ஒரு மூலை நழுவினாலும் துணி சுருண்டு மறுபடி உள்ளே போய்விடும்.

"விடு. நான் பிடிக்கிறேன்" என்றார் மாமா.

"வேணாம் மாமா. நூத்தி நாப்பத்தஞ்சுல இருக்கு."

"எத்தனை வருஷம் மேனேஜரா இருக்கேன். ஒரு துணியைப் பிடிக்கத் தெரியாதா? விடுடீ."

மேனேஜராக இருந்தார், சரி. ஒரு நாளும் பின்பக்கம் நின்றதில்லை. அவள் சொல்லவில்லை. துணியை விட்டாள்.

முதல் தடவை துணி வெளியே வந்தபோது மாமா பக்கத்து மூலையைப் பிடித்துவிட்டு, அடுத்த மூலைக்கு ஓடுவதற்குள் அது சுருள ஆரம்பித்துவிட்டது. இரண்டே எட்டில் தாவி எப்படியோ இழுத்தார். மூச்சு வாங்கியது.

"கொஞ்சம் மெதுவா சுத்தவிடு!"

"இதுக்கு மேல மெதுவா சுத்தாது மாமா. மத்த நேரம் இதைவிட ரெண்டு மடங்கு வேகம்."

இரண்டாவது தடவை நடுவில் நின்று இரண்டு கையையும் விரித்துப் பார்த்தார். எட்டவில்லை. அவர் தன் அக்காவைவிடவும் குள்ளம்.

மூன்றாவது தடவை, ஓடி முடியாது என்று அவருக்கே புரிந்தது. தூர மூலையைப் பிடிக்க ஒரே வழிதான் இருந்தது. தகட்டின் மேல் குனிந்து கையை நீட்ட வேண்டும். குனிந்தார். நீட்டினார்.

"ஸ்ஸ்ஆ!"

"விட்டுடுங்க மாமா!"

விடவில்லை. இரண்டு மூலையையும் பிடித்து இழுத்துத் துணியை வெளியே எடுத்துத் தரையில் போட்ட பிறகுதான் கையை உதறினார். பெரியவள் அவரைக் குழாயடிக்கு இழுத்துப்போய்க் கையைத் தண்ணீரில் காட்டினாள். முழங்கைக்குக் கீழே, உள்பக்கம், ஒரு விரல் நீளத்துக்குச் சிவப்புக் கோடு. பெரிய காயம் இல்லை. இரண்டு நாள் எரியும். கஞ்சி போட்ட கை மடிப்பு மட்டும் பழுப்பாகக் கருகியிருந்தது.

தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. மாமா தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவளுக்கும் இங்கயேதான்" என்றார்.

"ரெண்டு விரற்கடை மேல. நெட்டையக்காவுக்குக் கை நீளம்."

"நான் கவனமாத்தான்டீ இருந்தேன்."

"தெரியும்."

இந்த இடத்தில் அதற்கு மேல் பேசுகிறவர்கள் கெடுத்துவிடுவார்கள். முள் நூற்றுப் பத்துக்கு இறங்கியிருந்தது.

மாமா கையைத் துடைக்காமலேயே அலுவலக அறைக்குப் போனார். கண்ணாடிக்கு அப்பால் அவர் போன் பேசுவது தெரிந்தது. உருளைச் சத்தத்தில் முழுசாகக் கேட்கவில்லை. முதலில் "சார்" என்று நாலு தடவை. பிறகு, "இல்ல சார், நானே நின்னு பாத்தேன்." பிறகு நீளமாக ஒரு மௌனம், எதிர்முனை பேசிக்கொண்டிருக்க வேண்டும். "வேற ஆளா? பதினைஞ்சு வருஷம் பழகின கைங்க சார் இது." பிறகு ஒரு சார்கூட இல்லாமல் போனை வைத்துவிட்டார்.

வெளியே வந்தபோது அவர் கையில் விபத்துப் பதிவேடு இருந்தது. உருளை மெஷினின் மேஜை மேல் விரித்து, சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார். கவனக்குறைவு என்பதை ஒரே கோட்டில் அடித்தார். மேலே எழுதினார்: 'பின்பக்கம் இருவர் நிற்க வேண்டிய இடத்தில் ஒருவரே நின்றதால்.' கையெழுத்துப் போட்டார். தேதி போட்டார். அடுத்த வரியில் இன்றைய தேதியில் தன் பெயரையும், அதே காரணத்தையும் எழுதினார்.

"படிச்சுப் பாரு. எழுத்துப் பிழை இருக்கா?"

படித்தாள். "இல்ல."

"நாலாவது ஆளுக்கு அவர் ஒத்துக்கல" என்றார் மாமா. "முதல்ல எல்லாரையும் உள்ள கூப்பிடு, மத்ததை அப்புறம் பாக்கலாங்கறாரு. வராட்டி வேற ஆளாம்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"யோசிக்கறேன்னு வெச்சுட்டேன்."

எண்பத்தைந்து. எண்பத்து மூன்று. இரண்டு பேரும் பேசாமல் முள்ளைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பேசாமல் நிற்பது இப்போது கஷ்டமாக இல்லை. பெரியவளுக்குத் திடீரென்று பசித்தது.

முள் எண்பதைத் தாண்டி இறங்கியது. அவள் சிவப்புப் பொத்தானை அழுத்தினாள். உருளை ஒரு பெருமூச்சு விட்டு நின்றது. காலையிலிருந்து முதல்முறையாகக் கூடத்தில் சத்தமே இல்லை.

கவசத்துணியைக் கழற்றி எட்டாவது ஆணியில் மாட்டினாள்.

"போய்ட்டு வரேன் மாமா."

"சாயங்காலம் வீட்டுக்கு வருவேல்ல?"

"வீட்டுக்கு எதுக்கு வராம? வீடு என்ன பண்ணிச்சு? அஞ்சு மணிக்கு ஸ்கூட்டர்கிட்ட நிப்பேன். நேரமாக்கிடாதீங்க."

மாமாவின் உதடு ஒரு பக்கம் கோணியது. சிரிப்பை அடக்கும்போது அவருக்கு அப்படித்தான் ஆகும். அக்கா பிள்ளைகளுக்கெல்லாம் அது தெரியும்.

அவள் இரும்புக் கதவைத் தாண்டி வெயிலுக்குள் வந்தாள். ஏழு பேரும் கை தட்டினார்கள். "வந்துட்டாங்கப்பா தலைவி! அரை மணி நேரம் லேட்!" என்றாள் ரேடியோ. அவள் வாய் திறந்துவிட்டது, இனி மூடாது. "கஞ்சி என்ன சொன்னாரு? உருகிட்டாரா? இல்ல இன்னும்..."

சட்டென்று நிறுத்தினாள். பெரியவள் திரும்பிப் பார்த்தாள்.

மாமா கதவருகே நின்றிருந்தார். ஒரு கையில் டிபன் டப்பா, நீல மூடி. இன்னொரு கையில் சிவப்பு மூடி. சட்டைக் கை சுருட்டி விடப்பட்டு, சிவப்புக் கோடு வெயிலில் நன்றாகத் தெரிந்தது. நெட்டையக்கா அதைப் பார்த்தாள். பிறகு தன் கட்டைப் பார்த்தாள்.

"அடிச்சுட்டேன்மா" என்றார் மாமா அவளிடம். "பதிவேட்டுல. நான் எழுதினது தப்பு."

நெட்டையக்கா தலையை மட்டும் ஆட்டினாள். மன்னிப்பை உடனே கொடுத்துவிடுகிற ஜாதி இல்லை அவள். ஆனால் பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள்.

மாமா வாசற்படியைத் தாண்டி முற்றத்துக்குள் கால் வைத்தார். டப்பாக்களைப் பெஞ்சில் வைத்துவிட்டு, பாக்கெட்டிலிருந்து கூடத்துச் சாவிக்கொத்தை எடுத்துப் பெரியவளிடம் நீட்டினார்.

"ஓட்டுறவ இல்லாதப்ப கூடத்தைத் திறந்து போடக்கூடாது. விதி" என்றார். "என் கை எரியுது. நீ பூட்டு."

"நீங்க வெளிய இருக்கீங்களே மாமா?"

"உள்ள ஒத்தையா உக்காந்து நான் எதை மேனேஜ் பண்றது?"

"மேனேஜரே வாக் அவுட் பண்ணிட்டா நாங்க யாருகிட்டங்க மனு கொடுக்கறது?" என்றாள் ரேடியோ.

யாரும் பதில் சொல்வதற்குள் உள்ளே அலுவலக அறையில் போன் அடித்தது. காலிக் கூடத்தில் அது பெரிதாகக் கேட்டது. முதலாளியாகத்தான் இருக்கும். அடித்து நின்று, மறுபடி அடித்தது. எல்லாரும் மாமாவைப் பார்த்தார்கள். மாமா கதவைப் பார்த்தார். பெரியவள் சாவியோடு காத்திருந்தாள். போய் எடுக்கட்டும் என்றால் எடுக்கட்டும், அவள் தடுக்கப் போவதில்லை.

மாமா பெஞ்சில் நெட்டையக்கா விட்ட இடத்தில் உட்கார்ந்து, நீல மூடியைத் திறந்தார்.

"பூட்டுடீ" என்றார்.

பெரியவள் கதவை இழுத்துச் சாத்தினாள். சாவியை இரண்டு சுற்றுச் சுற்றினாள்.